நீலகிரிக்கு வந்த லத்தீன் வாத்தியார்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "ஹாஸ்டல் மெஸ், கல்ச்சுரல்ஸ், கேம்பஸ் இன்டர்வியூ எல்லாம் ஏற்கெனவே பத்துப் பேர் எழுதிட்டாங்க. நீ வேற ஏதாவது சரித்திரமா எழுதித் தாப்பா" என்று சொல்லிவிட்டார்கள். சரித்திரம் என்றால் ராஜராஜனா, மருது சகோதரர்களா என்று யோசித்துவிட்டு, கடைசியில் ஒரு பேராசிரியரைப் பற்றி எழுதுவது என்று முடிவு செய்தேன். எஞ்சினியரிங் பேராசிரியர் அல்ல, மொழியியல் பேராசிரியர். உடனே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் நண்பர்களே! நான்கு வருஷமும் விடுதி மொட்டை மாடியிலிருந்து நாம் பார்த்துக்கொண்டே இருந்தோமே அந்த நீல மலை, அதற்கும் இவருக்கும் நிறையச் சம்பந்தம் உண்டு.

அவர் பெயர் மர்ரே பார்ன்சன் எமனோ. தமிழில் எழுதினால் 'எமனோ?' என்று சந்தேகமாகக் கேட்பதுபோல் இருக்கும். பயப்பட வேண்டாம். 1904-இல் பிறந்து 2005-இல் மறைந்தவர். 101 வயது வரை எமன் இவர் பக்கமே வரவில்லை!

பிறந்த ஊர் கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் உள்ள லூனன்பர்க். மீன்பிடிக் கப்பல்களுக்குப் பேர் போன துறைமுக ஊர். டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் லத்தீனும் படித்தார். ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போனார். 1926-இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் லத்தீன் சொல்லிக் கொடுக்கும் வேலை கிடைத்தது. அங்கே போனவர் ஃபிராங்க்ளின் எட்ஜர்டன் என்ற சமஸ்கிருதப் பேராசிரியரிடம் மாட்டிக்கொண்டார். 1931-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். எதற்குத் தெரியுமா? வேதாளம் சொன்ன கதைக்கு! நாம் சின்ன வயதில் படித்த அதே விக்கிரமாதித்தன், அதே முருங்கை மரம். ஜம்பலதத்தர் என்பவர் சமஸ்கிருதத்தில் எழுதிய வேதாள பஞ்சவிம்சதியின் சுவடிகளை ஒப்பிட்டுச் சரியான பாடத்தைப் பதிப்பித்ததுதான் ஆராய்ச்சி.

பட்டம் வாங்கிய வருஷத்தைக் கவனியுங்கள். 1931. அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி. எஞ்சினியருக்கே வேலை இல்லை; வேதாளக் கதை படித்தவருக்கு யார் கொடுப்பார்கள்? எமனோ யேலிலேயே கிடைத்த சிறு வேலைகளைப் பார்த்துக்கொண்டு ஒட்டிக்கொண்டிருந்தார். 2008-ல் பெரிய கம்பெனிகள் ஆர்டர் கொடுத்துவிட்டு ஜாயினிங் டேட் கொடுக்காமல் இழுத்தடித்தார்களே, அந்த பேட்ச் சீனியர்களுக்கு இந்த நிலைமை நன்றாகப் புரியும்.

அந்தச் சமயம் பார்த்து யேலுக்கு வந்து சேர்ந்தவர் எட்வர்டு சபீர். அமெரிக்கப் பழங்குடிகளின் மொழிகளை அந்த மக்களோடு உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்தவர். ஏட்டில் இருக்கும் சமஸ்கிருதத்தையும் லத்தீனையும் மட்டும் பார்த்த எமனோவுக்கு, ஏடே இல்லாத மொழியை எப்படிப் படிப்பது என்று கற்றுக் கொடுத்தவர் இவர்தான். நீலகிரியில் தோடர்கள் என்ற ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது, அவர்கள் மொழியை இதுவரை ஒருவரும் முறையாகப் பதிவு செய்யவில்லை, நீ போய் வா என்று வழி காட்டியவரும் அவரே. அமெரிக்கக் கற்றறிஞர் குழுமங்களின் பேரவை பணம் கொடுத்தது. 1935-இல் எமனோ இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். வயது 31. கையில் நிரந்தர வேலை கிடையாது. நம்மில் பலருக்கு இன்றைக்கு அதே வயது. வீட்டுக் கடன் இ.எம்.ஐ. ஓடிக்கொண்டிருக்கும்போது, எழுத்தே இல்லாத ஒரு மொழியைப் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

தோடர்களை நமக்குத் தெரியும் என்று நினைக்கிறோம். ஊட்டி தாவரவியல் பூங்காவின் மேல் பக்கம் ஒரு மந்து இருக்கிறது. அரைப் பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி வீடு, சிவப்பும் கறுப்புமாகப் பூ வேலை செய்த வெள்ளைப் போர்வை, ஒரு போட்டோ, முடிந்தது. நாமும் டூர் போய் அவ்வளவுதான் பார்த்தோம். வெள்ளைக்காரர்கள் இதைவிட மோசம். இவர்களுடைய உயரம், தாடி, எருமைகளைச் சுற்றியே அமைந்த வழிபாடு இதையெல்லாம் பார்த்துவிட்டு, இவர்கள் இஸ்ரேலின் தொலைந்து போன குலம், இல்லை ரோமானியர், இல்லை சுமேரியர் என்று ஆளுக்கொரு கதை கட்டினார்கள். 1906-இல் வந்த ரிவர்ஸ் என்பவரின் 'தோடர்கள்' என்ற புத்தகம் சடங்குகளையும் உறவு முறைகளையும் வெகு நுட்பமாக எழுதியது. ஆனால் மொழி அதன் முக்கிய வேலை அல்ல.

மொழி ஏன் அவ்வளவு கஷ்டம்? இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நான் பார்க்கும் வேலை, பேச்சைக் கேட்டு எழுத்தாக மாற்றும் மென்பொருள்.

தமிழில் 'கல்', 'மகன்', 'தங்கம்' மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'க' மூன்று இடத்திலும் வேறு வேறு ஒலி. ஆனாலும் நாம் ஒரே எழுத்துத்தான் போடுகிறோம். ஒரு குழப்பமும் இல்லை. ஏனென்றால் எந்த இடத்தில் எந்த ஒலி வரும் என்பது விதிப்படியே நடக்கிறது, காது தானாகச் சரி செய்துகொள்கிறது. அதே சமயம் 'மனம்', 'மணம்' இரண்டையும் ஒன்றாக எழுதினால் அர்த்தம் கெட்டுப் போகும். எந்த வித்தியாசம் பொருளை மாற்றுகிறது, எது மாற்றவில்லை, இதைக் கண்டுபிடித்துவிட்டால் ஒரு மொழியின் சர்க்யூட் டயகிராம் பாதி வரைந்த மாதிரி. சபீர் பெரிதாக வலியுறுத்தியது இதைத்தான். நம் முன்னோர்கள் யாரோ தமிழுக்கு இதைச் செய்து முடித்துவிட்டதால் 247 எழுத்தோடு நிம்மதியாக இருக்கிறோம். தோடர் மொழிக்கு யாரும் செய்யவில்லை.

தோடர் மொழியில் சொல்லின் கடைசி உயிர் பெரும்பாலும் தேய்ந்து விழுந்துவிட்டது. அதனால் மெய்யெழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். ஸ, ஷ போன்ற ஒலிகள் நாக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்து நான்கு வகை. 'ல', 'ள' இரண்டையும் குரல் இல்லாமல் வெறும் காற்றாகவும் சொல்வார்கள். நாம் 'ர', 'ற' என்று இரண்டு எழுத்து வைத்துக்கொண்டு பேச்சில் பெரும்பாலோர் ஒன்றாக்கிவிட்டோம். அவர்களுக்கு மூன்று இடத்தில் மூன்று ரகரம், ஒவ்வொன்றிலும் இரண்டு வகை, ஆக ஆறு! 1990-களில் ஒலியியல் நிபுணர் பீட்டர் லேடிஃபோகட், பெரி பாஸ்கரராவ் முதலியோர் கருவிகளோடு போய் அளந்து இதையெல்லாம் உறுதி செய்தார்கள். எமனோ 1935-இல் போனபோது அவருடைய கருவி காது, பென்சில், நோட்டுப் புத்தகம். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் காது பெரிய காதுதான்.

அப்படிக் கேட்டு எழுதியதில் தெரிய வந்தது என்ன? இஸ்ரேலும் இல்லை, ரோமும் இல்லை. உயிர் மாற்றங்களையும் விழுந்துபோன ஒலிகளையும் ஒழுங்காகக் கணக்கு வைத்தால், இது தமிழுக்கு மிக நெருங்கிய சொந்தம். நமக்குக் 'கண்' என்றால் அவர்களுக்குக் 'கொண்'. தமிழ் அகரம் அங்கே ஒகரமாவது ஒரு சொல்லில் மட்டும் நடக்கும் விபத்து அல்ல, வரிசையாக நடக்கும் மாற்றம். யாரோ எங்கிருந்தோ வந்தவர்கள் என்று ஓரமாக வைத்துப் பார்த்த மக்கள், பேச்சை வைத்துப் பார்த்தால் நம் பங்காளிகள். அந்த ஊரிலேயே இருக்கிற 'மந்து' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் 'மன்று' என்றால் ஊர் கூடும் இடம்; 'மந்தை' என்றால் மாடு அடையும் இடம். கோத்தர் மொழியில் 'மந்த்' என்றால் கூடுகிற இடம். நம் கல்லூரித் தமிழ் மன்றத்தின் மன்றமும் ஊட்டி மந்தும் ஒரே வேர்!

எமனோ மூன்று வருஷம் தங்கினார். தோடரோடு நிற்கவில்லை. கோத்தர், படகர், குடகு என்று போனார். பிறகு மத்திய இந்தியாவில் வார்தா பக்கம் கோலாமி என்ற பழங்குடி மொழியையும் எழுதினார்.

கோத்தர் மொழியைப் பற்றிச் சொல்லும்போது இன்னொரு ஆசிரியரையும் சொல்லியாக வேண்டும். பேராசிரியர் பட்டம் இல்லாத ஆசிரியர் அவர். கோத்தர்கள் ஏழு ஊர்க்காரர்கள். கொல்லு வேலை, மண்பாண்டம், வாத்தியம் மூன்றிலும் கெட்டி. தோடருக்கும் படகருக்கும் இவர்கள் செய்து கொடுக்க, அவர்கள் நெய்யும் தானியமும் கொடுக்க, மலை முழுக்க இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் பல தலைமுறைகளாக நடந்து வந்தது. அந்தக் கோத்தர்களில் முதல் முதலாக இங்கிலீஷ் படித்துப் பள்ளிக்கூட வாத்தியாராக ஆனவர் சுல்லி. எமனோவுக்குக் கதை கதையாகச் சொன்னவர் இவர்தான். அதே காலத்தில் அதே மலையில் வேலை செய்த டேவிட் மேண்டல்பாம் என்ற மானுடவியலாளருக்கும் இவர்தான் வழிகாட்டி. சொந்த ஊரில் பழைய கட்டுகளை எதிர்த்து நின்று நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டவர். மேண்டல்பாம் 1960-இல் இவரைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதினார். அதில் இவரைத் தம் மக்களின் சீர்திருத்தக்காரர் என்றே குறிப்பிட்டார்.

எமனோவின் 'கோத்தர் கதைகள்' நான்கு பாகமாக 1944 முதல் 1946 வரை கலிபோர்னியாவில் அச்சானது. அட்டையில் பேராசிரியர் பெயர். உள்ளே இருக்கும் குரல் சுல்லியுடையது. அந்தக் கால வழக்கம் அது. இன்றைக்கு அதே புத்தகம் வந்தால் இரண்டு பெயரும் அட்டையில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பேட்டன்ட் எடுக்கும்போது லேப் டெக்னீஷியன் பெயர் விடுபட்டால் நாம் சண்டை போடுகிறோம் அல்லவா?

1938-இல் யேலுக்குத் திரும்பினார். அடுத்த வருஷம் குரு சபீர் காலமானார். 1940-இல் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகம் சமஸ்கிருதமும் பொது மொழியியலும் கற்பிக்க இவரை எடுத்துக்கொண்டது. கடைசிவரை அதுதான் வீடு. உடனே உலக யுத்தம். பசிபிக் பக்கம் போகும் ராணுவத்தினருக்கு ஆசிய மொழிகள் தேவைப்பட்டன. இவருக்கு வந்து சேர்ந்தது வியட்நாமிய மொழி. அதையும் விடாமல் 1951-இல் இலக்கணப் புத்தகமாகப் போட்டார். 1949-இல் அமெரிக்க மொழியியல் கழகத்தின் தலைவர். 1953-இல் பெர்க்லியில் தனி மொழியியல் துறை இவர் முயற்சியில் தொடங்கியது.

துறை தொடங்கிய கையோடு இன்னொன்றும் செய்தார்கள். கலிபோர்னியாவிலேயே அழிந்துகொண்டிருந்த பழங்குடி மொழிகளைப் பதிவு செய்ய எமனோவும், சபீரின் இன்னொரு சீடரான மேரி ஹாஸும் சேர்ந்து ஓர் அளவாய்வுத் திட்டத்தை ஆரம்பித்தார்கள். நீலகிரியில் தாம் செய்ததையே மாணவர்களைத் தங்கள் கொல்லைப்புறத்தில் செய்ய வைத்தார்கள். வில்லியம் பிரைட் என்ற மாணவர் கருக் என்ற மொழியை எழுதினார். அவரே பிறகு நம் பக்கம் வந்து பேச்சுக் கன்னடத்தையும் எழுதினார். இந்த நோட்டுப் புத்தகங்களுக்கு என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

1956-இல் எமனோ ஒரு கட்டுரை வெளியிட்டார். தலைப்பு, 'ஒரு மொழிப் பகுதியாக இந்தியா'. உலகம் முழுக்க மொழியியல் படிக்கும் பிள்ளைகள் இன்றும் இதைப் படிக்காமல் தப்ப முடியாது. விஷயம் எளிது. சமஸ்கிருதம், இந்தி, வங்காளி ஒரு குடும்பம். தமிழ், தெலுங்கு, கன்னடம் இன்னொரு குடும்பம். முண்டா மொழிகள் மூன்றாவது குடும்பம். பிறப்பால் சொந்தம் இல்லை. ஆனாலும் ஒரே காம்பவுண்டில் மூவாயிரம் வருஷம் குடியிருந்ததில் ஒருவர் பழக்கம் இன்னொருவருக்கு ஒட்டிக்கொண்டது.

ஆதாரம்? 'குதிரை கிதிரை', 'புலி கிலி' என்கிறோம். இந்திக்காரர் 'பானி வானி' என்கிறார். வங்காளியிலும் உண்டு, முண்டாவிலும் உண்டு. தோடர் மொழியில் இந்த எதிரொலிச் சொற்களைப் பார்த்துவிட்டு 1938-லேயே எமனோ ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அடுத்தது, 'எழுந்து, குளித்து, சாப்பிட்டு, ஆபீஸ் போனான்' என்று வினையெச்சத்தை ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டே போவது. அடுத்தது, நாக்கை மடித்துச் சொல்லும் 'ட', 'ண', 'ள'. ஐரோப்பாவில் இருக்கும் சமஸ்கிருதத்தின் சொந்தக்காரர்களிடம் பொதுவாக இந்த வரிசை கிடையாது. இந்தியாவுக்குள் வந்த பிறகு சேர்ந்தது, திராவிட மொழிகளின் பாதிப்பு என்பது எமனோவின் வாதம். இதை மறுப்பவர்களும் உண்டு. சர்ச்சை இன்னும் ஓயவில்லை. எண்ணும்போது வரும் ஒட்டுகளில் கொடுக்கல் வாங்கல் வேறு திசையில் போயிருக்கிறது என்றும் அதே கட்டுரையில் காட்டினார். 'எல்லாம் எங்ககிட்டேயிருந்து எடுத்ததுதான்' என்று இரண்டு பக்கமும் மேடை போட்டுப் பேசுகிறோம் அல்லவா? இந்த மனிதர் ஒவ்வொரு சொல்லுக்கும், ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாக ரசீது கேட்டவர்.

இப்போது பெரிய வேலைக்கு வருவோம். அகராதி.

திராவிட மொழிகள் ஒரே குடும்பம் என்று 1816-இல் எல்லிஸ் சொன்னார், 1856-இல் கால்டுவெல் விரிவாக இலக்கணம் எழுதினார். ஆனால் எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் உறவு என்று வரிசையாகக் காட்டும் அகராதி நூறு வருஷம் ஆகியும் வரவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த தாமஸ் பரோ என்பவருக்கும் அதே ஆசை இருந்தது. சமஸ்கிருதத்தில் புகுந்த திராவிடச் சொற்களை ஆராய்ந்தவர் அவர். 'நீர்', 'மீன்' இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. இந்தியாவுக்கு வந்து சுதிபூஷண் பட்டாச்சார்யாவுடன் பஸ்தர் காட்டுப் பக்கம் பர்ஜி மொழியை எழுதியவர். 1949-இல் இருவரும் கை கோத்தார்கள். ஒருவர் இங்கிலாந்து, மற்றவர் கலிபோர்னியா. நடுவில் ஒரு சமுத்திரமும் ஒரு கண்டமும். கம்ப்யூட்டர் கிடையாது, ஜெராக்ஸ்கூடக் கிடையாது.

1961-இல் 'திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி' ஆக்ஸ்ஃபோர்டில் வெளிவந்தது. 4500-க்கும் மேற்பட்ட பதிவுகள். 1968-இல் பிற்சேர்க்கை. 1984-இல் திருத்திய இரண்டாம் பதிப்பு. பதிவுகள் 5500-ஐத் தாண்டின. நம் பாஷையில் சொன்னால் வெர்ஷன் ஒன்று, பேட்ச், வெர்ஷன் இரண்டு. இடையில் 23 வருஷம்!

அகராதியின் அமைப்பில்தான் எனக்கு மயக்கம். தமிழில் அந்தச் சொல் இருந்தால் தமிழ்ச் சொல் முதலில் நிற்கும். பதிவுகள் தமிழ் அகர வரிசையில் ஓடும். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதியாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இல்லாமல் இது நடந்திருக்காது. பிறகு மலையாளம், கோத்தர், தோடர், கன்னடம், தெலுங்கு என்று வரிசையாகப் போய், ஜார்க்கண்ட் பக்கத்துக் குருக், பலூசிஸ்தானத்து பிராகூயி வரை நீளும். 'கண்' என்ற பதிவைத் திறந்தால் தோடர் 'கொண்', தெலுங்கு 'கன்னு', கடைசியில் குவெட்டா பக்கத்து மலையில் ஒரு பிராகூயி இடையர் தொண்டையைக் காறிச் சொல்லும் 'ஃகன்' வரை ஒரே பத்தியில். நமக்கு 'உப்பு', கோலாமியில் 'சுப்' என்கிற மாதிரி. நமக்கு 'ஆறு', கோண்டியில் 'சாருங்'. அப்படியானால் நாம்தான் ஒரு காலத்தில் முன்னால் இருந்த சகரத்தைத் தொலைத்திருக்கிறோம்! காட்டுக்குள் இருப்பவர்கள் கொச்சையாகப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் பத்திரமாக வைத்திருந்த பொருளை நாம் வழியில் தவறவிட்டிருக்கிறோம்.

இன்னொரு விஷயம். ஆதியில் இந்தச் சொல் இப்படி இருந்திருக்கும் என்ற ஊகத்தை அகராதியில் இவர்கள் சேர்க்கவில்லை. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, அச்சில் இருப்பது, அவ்வளவுதான். இதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. அளவீட்டுப் புத்தகத்தில் ரீடிங்கையும் அனுமானத்தையும் கலக்காதே என்று நம் லேபில் ரெக்கார்டு நோட்டைத் திருப்பி எறிந்த ஆசிரியரை நினைத்தால் எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. கொள்கைகள் மாறின, புத்தகம் நின்றது. தெலுங்கு நாட்டு பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 2003-இல் 'திராவிட மொழிகள்' என்ற பெரிய நூலை எழுதியபோது ஆதி வடிவங்களைத் துணிந்து கட்டினார். அடித்தளம் இந்த அகராதி. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் 1967-இல் எமனோவின் கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டது.

1971-இல் எமனோ ஓய்வு பெற்றார். அந்த வருஷம்தான் 'தோடர் பாடல்கள்' வெளிவந்தது. தலையணை அளவுப் புத்தகம். தோடர் பாட்டின் கட்டமைப்பு விசித்திரமானது. மூன்று அசை கொண்ட துண்டுகள். ஒரு துண்டு வந்தால் அதற்கு ஜோடித் துண்டு வந்தே தீர வேண்டும். எருமைக்கு, கோயிலுக்கு, மலைக்கு, சாவுக்கு, கல்யாணத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் தயார் நிலையில் ஜோடிச் சொற்கள். அதை வைத்து அங்கேயே, அந்த நிமிஷமே புதிதாகக் கட்டிப் பாடுவார்கள். தனியாகக் கவிஞர் ஜாதி கிடையாது. ஏறக்குறைய எல்லோரும் கவிஞர்கள். நம் ஊர்க் கிழவிகள் ஒப்பாரியில் இறந்தவரின் சரித்திரத்தையே வரிசையாகக் கோத்துவிடுவார்களே, அந்த மாதிரி. எமனோ போனபோது மொத்தத் தோடர்களே அறுநூறு பேர் அளவில்தான். அறுநூறு பேருக்குள் இவ்வளவு இலக்கியம்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். கேட்டு எழுதியது 1935 முதல் 1938. பாடல்கள் அச்சில் வந்தது 1971. தோடர் இலக்கணம் வந்தது 1984. அப்போது அவருக்கு வயது 80, இரண்டாம் அகராதியும் அதே வருஷம். அரை நூற்றாண்டு ஒரே நோட்டுப் புத்தகத்தோடு ஒரு மனிதர். நாமோ மூன்று மாதத்துக்கு ஒரு ரிலீஸ், ஆறு மாதத்துக்கு ஒரு அப்ரைசல். எங்கள் அலுவலகத்தில் சின்ன மொழிகளுக்கும் பேச்சுத் தரவு சேகரிக்கலாமா என்று நான் ஒருமுறை கேட்டபோது மேலாளர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை யூசர்ஸ் இருப்பாங்க?" அவர் மேல் தப்பில்லை. சம்பளம் கொடுக்கிற கணக்கு அப்படி. எமனோவிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்காதது நம் அதிர்ஷ்டம்.

ஆனால் வேறு ஒரு கேள்வி கேட்கலாம். பாட்டெல்லாம் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பில் பத்திரமாக இருக்கிறது, சரி. தோடருக்கு என்ன கிடைத்தது? புத்தகம் முழுக்க ரோமன் எழுத்து, மேலே புள்ளி, கீழே கோடு. மொழியியல் படித்தவர்தான் வாசிக்க முடியும். தோடர் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிப்பது தமிழும் இங்கிலீஷும். தாத்தா பாடிய பாட்டு அச்சில் இருந்தும் பேரனுக்குப் பூட்டிய பெட்டி.

கலிபோர்னியாவில் அந்தப் பெட்டி திறந்தது. 1950-களில் எமனோ, ஹாஸின் மாணவர்கள் எழுதி வைத்த நோட்டுகள் பெர்க்லியில் இருந்தன. பல மொழிகளுக்குப் பேசுகிறவர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. 1990-களிலிருந்து அந்தப் பழங்குடிகளின் பேரப்பிள்ளைகள் கோடையில் பெர்க்லிக்கே வந்து, மொழியியலாளர்களோடு உட்கார்ந்து, பாட்டியின் குரலை ஒலிநாடாவில் கேட்டு, நோட்டை எழுத்துக்கூட்டி, சொந்த மொழியில் பேசப் பழகும் பயிற்சி முகாம்கள் நடந்தன. 'உயிர் மூச்சு' என்று அதற்குப் பெயர். எழுதியவர்கள் கனவிலும் நினைக்காத வாசகர்கள்!

தோடர் நிலைமை அவ்வளவு மோசம் இல்லை; 2011 கணக்கெடுப்பில் இரண்டாயிரம் பேர் அளவுக்கு இருந்தார்கள், வீட்டில் மொழி பேசப்படுகிறது. அதனால் இந்த வேலையை இன்றே செய்யலாம். எமனோவின் குறியீடுகளைத் தமிழ் எழுத்துக்கு மாற்ற ஒரு சின்ன புரோகிராம் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாதி எளிது. ஆறு ரகரத்தில் இரண்டுக்கு 'ர', 'ற' கிடைத்துவிடும். மீதி நான்குக்கு எழுத்து இல்லை. காற்று லகரத்துக்கு ஆய்த எழுத்தை முன்னால் போடலாம் என்று தோன்றுகிறது, ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் தோடர்கள், நான் அல்ல. ஃபான்ட் செய்யத் தெரிந்தவர்கள், ஊட்டி பக்கம் வேலை பார்ப்பவர்கள், தோடர் குடும்பங்களோடு பழக்கம் உள்ளவர்கள் யாராவது நம் பேட்ச்களில் இருந்தால் ரீயூனியன் அன்று மதியப் பந்தியில் என்னைப் பிடியுங்கள். இரண்டாவது பந்திக்கு உட்காருவேன்.